ஜப்பான் பள்ளிக்கூடத்தில் வேலையா? சாயங்காலத்தைக் கவனியுங்கள்!

வெளிநாட்டு வேலை என்றதும் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்றுதான் நமக்கு நினைப்பு ஓடும். பள்ளிக்கூட வேலைக்கு ஜப்பான் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே 1987-ல் 'ஜெட்' என்றொரு அரசாங்கத் திட்டம் தொடங்கினார்கள். இந்தியா உள்படப் பல நாட்டுப் பட்டதாரிகளை வரவழைத்து, உள்ளூர்ப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்குத் துணை ஆசிரியர்களாகப் போடுகிறார்கள். ஒரு வருட ஒப்பந்தம்; ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம். இது தவிர, தனியார் நிறுவனங்கள் மூலமாகவும் போகலாம்.

கிளம்புகிறவர் விசா, டிக்கெட் என்று பறந்துகொண்டிருப்பார். வீட்டில் அம்மாவுக்கு ஒரே கவலைதான். "பச்சை மீனைத் திங்கிற ஊராச்சே, எம்புள்ளைக்குச் சோறு கிடைக்குமா?"

தாராளமாகக் கிடைக்கும் தாயே! அவர்களும் நம்மைப் போல அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள்தான். கவலைப்பட வேண்டியது சோற்றைப் பற்றி அல்ல, சாயங்காலத்தைப் பற்றி. பகலில் அந்தப் பள்ளிக்கூடமே உங்கள் பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். பள்ளி விட்டு, தனி அறைக்குத் திரும்பிய பிறகுதான் உடம்பு கெடுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

பள்ளி நேரமே பாதி வைத்தியம்

அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் நடந்துதான் பள்ளிக்கு வருவார்கள். ஆசிரியருக்கும் நடை, சைக்கிள், ரயில் நிலையப் படிக்கட்டு என்று காலையிலேயே கால்களுக்கு வேலை வந்துவிடும். வகுப்பறை, தாழ்வாரம் கூட்டித் துடைப்பதற்குத் தினமும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியரும் குனிந்து நிமிர்ந்து துடைப்பார். 1928-ல் தொடங்கிய 'ரேடியோ உடற்பயிற்சி' இன்னொன்று. பியானோ இசைக்கு ஏற்ப 13 அசைவுகள், மூன்றே நிமிடம். விளையாட்டு விழாவிலும் கோடை விடுமுறையிலும் பிள்ளைகள் செய்வார்கள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் அசைந்துவிடும்.

மதியச் சாப்பாடு அதைவிட விசேஷம். அங்கே பள்ளி உணவு 1889-ல் யமகாதா மாகாணத்து சுருவோகா ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1954-ல் அதற்கென்று சட்டமே வந்தது. நம் ஊரில் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். 8, 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 650 கலோரி, 12 முதல் 14 வயது வரை 830 கலோரி என்று கணக்கு. உப்புக்கும் கணக்கு உண்டு. பெரிய பிள்ளைகளுக்கே இரண்டரை கிராமுக்குள். பிள்ளைகள் சாப்பிடும் முன் தலைமை ஆசிரியர் ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதையே சாப்பிடலாம். அதற்குப் பணம் கட்ட வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. டிபன் டப்பாதான்.

சின்னக் கிண்ணத்தின் சூட்சுமம்

எங்கள் விருத்தாசலம் பீங்கான் சாமானுக்குப் பேர்போன ஊர். ஆனாலும் வீட்டுக்கு வீடு சாப்பிடுவது என்னவோ அகலமான எவர்சில்வர் தட்டில்தான்! தட்டில் சோறு எவ்வளவு விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானியர் வீட்டில் ஆளுக்கு ஒரு பீங்கான் கிண்ணம், கைக்குள் அடங்குகிற அளவு. ஏறக்குறைய 150 கிராம் சோறு பிடிக்கும். கூடவே ஒரு சூப்பு, இரண்டு மூன்று சிறு தட்டுகளில் காய், பயறு, மீன். வயிற்றில் எட்டுப் பங்கு நிரம்பியதும் நிறுத்திவிடு என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அரை வயிறு சோறு, கால் வயிறு நீர், கால் வயிறு காலி என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அதேதான்.

கிண்ணம் காலியானால் எழுந்துவிட வேண்டும். சர்க்கரைக்காரர்கள் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். அந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்ளும் ரகம், ருசியாக இருக்கும். அளவு தெரியாமல் உள்ளே போய்விடும்.

சைவக்காரர்கள் கவனிக்க

இங்கேதான் சிக்கல். காய்கறி சூப்பு மாதிரி தெரியும். அடியில் 'தாஷி' இருக்கும். உலர்த்திச் சீவிய மீனையும் கடற்பாசியையும் போட்டு இறக்கிய சாறு அது. மிசோ சூப்பு, நூடுல்ஸ் குழம்பு, முட்டைப் பொரியல் என்று பலதிலும் அது உண்டு. கடையில் விற்கும் ஜப்பானியக் 'கறி' கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும்.

"மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றைக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குச் சாறு மீன் அல்ல! அதனால் வேலையில் சேரும்போதே எதெது கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிலர் பட்டினிக்குப் பயந்து ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், கேக் என்று காலம் தள்ளுவார்கள். வயிறு நிரம்பும், ரத்தம் குறையும். புரதத்துக்கு 'டோஃபு' இருக்கிறது. சோயாப் பாலில் செய்த பனீர் மாதிரி, விலை மலிவு. பச்சை சோயாக் காய், சிவப்புக் காராமணி போன்ற அசுகிப் பயறு, சர்க்கரை சேர்க்காத தயிர் எல்லாம் கிடைக்கும். பாலும் தயிரும் தொடாதவர்கள் பி-12 சத்தை வருடம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 'நாட்டோ' என்ற புளித்த சோயா நல்ல உணவுதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும்.

சாயங்காலம்தான் கண்டம்!

2018-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு பல நாட்டு ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தியது. ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைக்கிறார். மற்ற நாடுகளையும் சேர்த்துப் பார்த்த சராசரி 38 மணிதான். ஜெட் திட்டத்தில் போகிறவருக்கு வாரம் 35 மணி நேர வேலைதான். ஆனால் "மத்தவங்க இருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கிளம்புறது?" என்று கூச்சத்தில் உட்கார்ந்துவிட்டால் போச்சு. இருட்டின பிறகு பசியோடு வெளியே வந்தால் எதிரே 24 மணி நேரக் கடை. பொரித்த கோழி, இனிப்பு ரொட்டி, டப்பா நூடுல்ஸ்! ராமென் நூடுல்ஸைச் சாறு முழுக்கக் குடித்தால் ஒரே கிண்ணத்தில் 5 கிராமுக்கு மேல் உப்பு சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுமைக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே 5 கிராமுக்குக் கீழேதான். போதாததற்கு அம்மா அனுப்பிய ஊறுகாய் வேறு.

பள்ளி உணவில் கணக்குப் பார்த்துக் குறைத்த உப்பும் கொழுப்பும் இப்படி ராத்திரியில் திரும்ப ஏறிவிடுகிறது. அதற்கு வழி இருக்கிறது:

* வேலை நேரம் முடிந்ததும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

* இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கிண்ணம் சோறு, பருப்பு அல்லது டோஃபு, முட்டைக்கோஸ் அல்லது கீரை, சீரக ரசம். அரை மணி நேர வேலைதான்.

* நூடுல்ஸ் சாப்பிட்டால் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள்.

* ஞாயிற்றுக்கிழமை பருப்பு வேகவைத்து, மூன்று நாளைக்குப் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குளிரும் குளியலும்

நிலமும் பொழுதும் மாறினால் உணவும் பழக்கமும் மாற வேண்டும் என்பது எங்கள் சித்த மருத்துவப் பாடம். வெயிலிலேயே வளர்ந்த கடலூர் மாவட்டத்துப் பிள்ளை பனி கொட்டும் ஊரில் போய் இறங்கினால் முதலில் தோல் வறளும், உதடு வெடிக்கும், தாகம் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் வெந்நீர் குடியுங்கள். மத்தியானம் வெயில் இருந்தால் பதினைந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வைட்டமின் டி குறையும் காலம் அது. மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து அறையைச் சூடேற்றினால் அவ்வப்போது ஜன்னலைத் திறக்க வேண்டும். விஷவாயு உயிருக்கே ஆபத்து.

வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணெயோடு தொட்டியில் இறங்காதீர்கள். அங்கே வெளியே உட்கார்ந்து தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கொதிக்கிற வெந்நீரில் நெடுநேரம் ஊற வேண்டாம்.

பெட்டியில் என்ன வைப்பது?

சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், பருப்புப் பொடி போதும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் மிக்ஸி சரியாக ஓடாது. பொடிகளை இங்கேயே அரைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி ஊறுகாய் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

மருந்தில் கூடுதல் கவனம் தேவை. டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாத அளவுக்கு, மற்றவை இரண்டு மாத அளவுக்குத்தான் சாதாரணமாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் முன்அனுமதி வேண்டும். சூடோஎஃபிட்ரின் உள்ள சளி மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து பலவற்றுக்குத் தடை அல்லது கட்டுப்பாடு உண்டு. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், பேர் தெரியாத லேகியம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பழைய முறைப்படி செய்த சில லேகியங்களில் கஞ்சா சேரும்; அங்கே அது பெரிய குற்றம்.

மனசும் உடம்புதான்

பேச்சுத்துணை இல்லாத ஊரில் முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளின் விளையாட்டுக் குழுவில் சேர்ந்துகொண்டால் உடம்புக்கும் நல்லது, மொழியும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அங்கே மருத்துவக் காப்பீடு இருக்கிறது, செலவில் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து. வருடாந்திர உடல் பரிசோதனை முடிவை மொழிபெயர்த்து வாங்கிப் படியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ஆச்சும்மா" என்றுதான் சொல்லும். "ராத்திரி என்ன சமைச்சே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?" என்று கேளுங்கள். போய் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சின்ன ரைஸ் குக்கரும், கைக்கு அடக்கமான ஒரு கிண்ணமும் வாங்கச் சொல்லுங்கள்.