படத்திற் கண்ட அறை

முற்காலத்து வழிப்போக்கன் சத்திரத்தை அடைந்து, அறையைக் கண்ணாரக் கண்டு, மனத்திற்கு ஒத்ததாயின் தங்குவான். ஒவ்வாதாயின் அடுத்த தெருவிற்குச் செல்வான். நாமோ வீட்டிலிருந்தவாறே இணையத்தளத்திற் சில படங்களைப் பார்த்துப் பணத்தைச் செலுத்திவிட்டு, அறையைப் பின்னரே காண்கின்றோம். இவ்வியாபாரத்திற் பிணக்குகள் நேர்வது இயல்பே.

ஓர் ஆசிரியர் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் உதகமண்டலம் சென்றாரென்று கொள்வோம். படத்தில் இருந்தது மலையை நோக்கிய சாளரம். நேரில் இருப்பதோ அடுத்த கட்டடத்தின் சுவர். விரிப்பிற் கறை, குழாயில் வெந்நீர் இல்லை. விடுதிக்காரர், "பணத்தை வாங்கியவர் தளத்தாரன்றோ? அவரைக் கேளுங்கள்" என்பார். தளத்தாரோ, "யாம் இடையில் நிற்பவரே, அறைக்குப் பொறுப்பு விடுதிக்காரருடையது" என்பர். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. அதுவே தொல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, முதல்வர்பொருட்டு முகவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக முகவரைத் தனிமுறையிற் கட்டாது; தளத்தார் பற்றிநிற்கும் தூண் இதுவே.

ஆயினும் அத்தூண் இப்பொழுது முன்போல் உறுதியுடையதன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலைத் திங்களில் மின்வணிக விதிகள் வெளிவந்தன. விற்போர் தரும் விவரணமும் படமும் உண்மைப் பொருளோடு ஒத்திருக்குமென்று அவரிடம் உறுதிமொழி பெறுதல் தளத்தாரின் கடமையென்று அவை விதிக்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முறையீடு பெற்றமையை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் அதனைத் தீர்த்தல் வேண்டும். இந்திய நுகர்வோர்க்கு முறையாகச் சேவை விற்கும் அயல்நாட்டுத் தளங்களும் இவ்விதிகட்கு உட்பட்டனவே.

"பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்னும் வாசகத்தைக் கண்டு பலர் வாய்மூடி விடுகின்றனர். அஃது அறை கொண்டவர் தம் மனம் மாறி விலகுங்கால் பொருந்துவது. கொடுப்பதாகச் சொன்ன அறையைக் கொடாதவர்க்கு அதனைக் கேடயமாகக் கொள்ள என்ன நியாயம்? சேவையின் தரத்தில் நேரும் குறையையும் போதாமையையும் சேவைக் குறைபாடென்றே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கின்றது.

வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் ஒருமணி நேரத்தைப் பொறுத்தது. மூட்டையை அவிழ்க்குமுன் அறையைப் படமெடுத்தல் வேண்டும். தளத்திற் காட்டிய படத்தையும் விவரணத்தையும் அப்பொழுதே சேமித்தல் வேண்டும். பின்னர் அவை மாற்றப்படலாம். வேறு அறை கேட்டதையும் அவர் மறுத்ததையும் எழுத்தில் இருவர்க்கும் தெரிவித்தல் வேண்டும். வாய்ச்சண்டை எத்துணை உரத்ததாயினும் சான்றாகாது. இரவு முழுதும் தங்கி மறுநாள் முறையிட்டாலோ, அறையை ஏற்றுக்கொண்டீரென்று எதிர்வாதம் எழும்.

இவ்வளவிலும் பயன் விளையாதாயின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிற்கு முதலில் முறையிடலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விடுதி எங்கிருப்பினும், முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம்; மீண்டும் உதகை ஏறவேண்டுவதில்லை. செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தாமே வாதிடலாம். காலவரம்பு 2 ஆண்டு. விடுதிக்காரரையும் தளத்தாரையும் ஒருங்கே எதிர்த்தரப்பினராகச் சேர்த்தல் வேண்டும். ஒருவரை விட்டுவிடின், வந்து நிற்பவர் வாராதவர்மேற் பழியைச் சுமத்துவர். இருவரும் ஒரே மன்றில் நின்றாலோ, பணம் யாரிடம் எவ்வளவு தங்கிற்றென்னும் கணக்கு அவர்கள் வாயாலேயே வெளிப்படும்.