செங்கோட்டைக்கு இந்தப் பக்கமும் ஒரு திரை

2025 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது 19 படங்களுக்கு ஒன்றிய அரசின் தணிக்கை விலக்கு வராமல் நின்றது. பாலஸ்தீனப் படங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. நூறு வயதைத் தொட்ட ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’கூட இருந்தது. அறிவித்த படங்களைத் திரையிட்டே தீருவோம் என்றது கேரள அரசு. பிறகு பெரும்பாலானவற்றுக்கு அனுமதி வந்தது, எல்லாவற்றுக்கும் வரவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து புறப்பட்டுச் செங்கோட்டை தாண்டி மலையிறங்கினால் அந்த ஊர். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். போக முடியாதவர்களுக்கு? விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே நாளை ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் படங்களை யார் காட்டுவது?

தியேட்டர்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. பாலஸ்தீன ஆவணப்படம் தியேட்டருக்கென்று பிறந்ததும் அல்ல. 1968இல் முஸ்தஃபா அபு அலி, ஹானி ஜவ்ஹரிய்யா, சுலாஃபா ஜாதல்லா என்ற மூன்று இளைஞர்கள் ஜோர்டானில் சேர்ந்து தொடங்கிய படக்குழுதான் அதன் வேர். சுலாஃபா, அரபு உலகின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். அவர்கள் எடுத்ததை முதலில் பார்த்தவர்கள் அகதி முகாம் மக்கள். 1974இல் தெற்கு லெபனானின் நபத்திய்யா முகாம் விமானக் குண்டுவீச்சில் அழிந்தபோது அபு அலி எடுத்த படம் ‘அவர்கள் இல்லை’. பாலஸ்தீனர் என்று யாரும் இல்லை என்று இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர் சொன்னதற்கு அந்தத் தலைப்பே பதில். ஹானி 1976இல் லெபனான் மலைப்பகுதியில் சண்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். பெய்ரூட்டில் சேர்த்து வைத்திருந்த படச்சுருள்கள் 1982 இஸ்ரேலியப் படையெடுப்புக்குப் பின் கைவிட்டுப் போயின.

‘அவர்கள் இல்லை’ தப்பியது. 2003இல் ஜெருசலேமில், எங்கிருந்தோ கொண்டுவந்த சாதனங்களை வைத்து ஒரு தற்காலிகத் திரை அமைத்து அதைக் காட்டினார்கள். சொந்த ஊருக்குள் நுழைய அபு அலிக்கு அனுமதி கிடையாது. கலைஞர்கள் சிலர் அவரை ரகசியமாக உள்ளே அழைத்து வந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தன் படத்தை அவர் அங்கேதான் பார்த்தார். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவர் ஆன்மேரி ஜாசிர். 2025 திருவனந்தபுர விழாவின் தொடக்கப் படமான ‘பாலஸ்தீன் 36’ அவர் இயக்கியதுதான்.

இந்த மாதிரித் திரை நமக்கும் புதிதல்ல. மலையாளத்தில் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா கூட்டத்தாரும் ஊர் ஊராக மக்களிடம் பணம் திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். எடுத்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான்தான். திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கம் உலகப் படங்களைக் காட்டிக் காட்டியே ஒரு தலைமுறைக்குச் சினிமா பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன்தான், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணிக்குள் இறங்கி 17 பேர் மாண்ட கொடுமையை ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படமாக்கினார். மதுரையில் அமுதனின் ‘மறுபக்கம்’ 1998 முதல் ஆவணப்பட விழா நடத்திவருகிறது. தாமிரபரணியில் அன்று என்ன நடந்தது என்று அதிகாரிகள் சொன்னதற்கும் ஊர் கண்ணால் கண்டதற்கும் எவ்வளவு தூரம் என்று நெல்லைச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். பாலஸ்தீனத்தின் பிலின் கிராமத்துக்காரர் சொல்வதை நம்ப நமக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

பிலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மேற்குக் கரையிலிருக்கும் அந்தச் சிற்றூரில் இமாத் புர்னாத் என்ற விவசாயி, 2005இல் நான்காவது மகன் ஜிப்ரீல் பிறந்தபோது ஒரு கேமரா வாங்கினார். குழந்தையைப் படமெடுக்கத்தான் வாங்கினார். அதே சமயம் இஸ்ரேலின் தடுப்புவேலி ஊரின் விளைநிலத்தை அறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஊர் ஊர்வலம் போனது, புர்னாத்தும் கேமராவோடு போனார். அடி, குண்டு, கண்ணீர்ப்புகை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் உடைந்தன. மகன் பேசக் கற்பதும் ஒலிவ மரங்கள் எரிவதும் ஒரே நாடாவில் பதிவாயின. நமக்குப் பனை எப்படியோ அப்படி அவர்களுக்கு ஒலிவம்: தாத்தா வைத்து, பேரன் பலன் எடுக்கிற மரம். ஊர்க் குழந்தைகளெல்லாம் ‘ஃபீல்’ என்று செல்லமாகக் கூப்பிட்ட பாஸிம் அபு ரஹ்மா, 2009 ஏப்ரலில் நெஞ்சில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து இறக்கிறார். இஸ்ரேலியரான கை டேவிடியோடு சேர்ந்து புர்னாத் தொகுத்த ‘ஐந்து உடைந்த கேமராக்கள்’ 2013இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விழாவுக்குப் போன புர்னாத்தையும் அவர் மனைவியையும் மகனையும் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நிறுத்தி விசாரித்தார்கள்.

2024இல் வந்த ‘நோ அதர் லேண்ட்’ மேற்குக் கரையின் மசாஃபர் யாட்டாவில் வீடுகளும் பள்ளிக்கூடமும் புல்டோசரில் விழுவதைக் காட்டுகிறது. பாலஸ்தீனர் இருவர், இஸ்ரேலியர் இருவர் சேர்ந்து இயக்கியது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. அதே மாதம் அமெரிக்காவின் மியாமி பீச்சில் அதைத் திரையிட்ட சிறு தியேட்டரின் குத்தகையை ரத்துசெய்ய மேயர் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார். சில நாளில் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லால் தன் ஊரிலேயே இஸ்ரேலியக் குடியேறிகளால் தாக்கப்பட்டு, ராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டார். ஜூலையில், படத்துக்கு உதவிய ஆசிரியர் அவ்தா ஹதலீன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்கரால் அவர்களுடைய வாசலுக்குக் காவல் நிற்க முடியவில்லை.

திரையிடுகிறவர்களுக்கும் விலை உண்டு. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ‘நோ ஃபயர் சோன்’ படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் காட்டியதற்காக லீனா ஹென்ட்ரி என்ற மலேசியப் பெண்மீது தணிக்கைச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். முள்ளிவாய்க்கால் படத்தை நமக்காக ஒருவர் காட்டி வழக்கு வாங்கியிருக்கிறார். காஸா படத்தைக் காட்ட நாம் யோசிப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

இங்கேயும் சட்டம் உண்டு. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2004இல் மும்பை ஆவணப்பட விழா தேர்வுசெய்யாமல் தள்ளிய படங்களை, விழா நடந்த இடத்துக்கு எதிரிலேயே ‘விகல்ப்’ என்ற பெயரில் இயக்குநர்கள் திரையிட்டார்கள். அதன் பிறகுதான் நாடெங்கும் சிறு திரையிடல்கள் தைரியம் பெற்றன. எனவே படம் எடுத்தவர்களிடம் எழுதி அனுமதி வாங்குவது, சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது, இரண்டும் முதல் வேலை.

அடுத்தது மொழி. இங்கிலீஷ் சப்டைட்டிலை ஓடுகிற வேகத்தில் எல்லோராலும் படிக்க முடியாது. ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார். அதுபோல இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், தமிழில் முன்கூட்டியே எழுதி வைத்து மைக்கில் வாசித்தால் போதும். நல்ல ஆசிரியர்கள் நம்மூரில் இருக்கிறார்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது? என் தேர்வு ‘ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ’. ரஷீத் மஷராவி ஒருங்கிணைக்க, குண்டுவீச்சுக்கு நடுவே காஸாவின் இயக்குநர்கள் எடுத்த 22 குறும்படங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். தறி ஷிப்டு முடிந்து வருகிறவர் நான்கு படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மறுவாரம் வந்து அடுத்த நான்கைப் பார்க்கலாம். இடையில் விளக்கைப் போட்டுப் பேசலாம். பெண்கள் வர வசதியாக ஞாயிறு மாலை வைத்துக்கொள்ளலாம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் ஊரில் ஒரு மண்டபமும் கிடைக்காது.