மண் ஈரத்தின் கணக்கு நம் வீட்டிலேயே இருக்கட்டும்

"மண்ணைக் கையில் பிடிச்சுப் பார்த்தா ஈரம் தெரியாதா? இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். மேல்மண் ஈரத்தைக் கை சொல்லிவிடும். கீழே வேர் இருக்கிற இடத்தில் ராத்திரி பகலாக என்ன நடக்கிறது என்பதைக் கை சொல்லாது. அதற்காகத்தான் வாழைக்குக் கம்பியில்லா ஈர சென்சார் வைத்தேன்.

முதலில் வாங்கிய கருவி, அளவுகளை நேராக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பியது. நான் செல்போனில் பார்ப்பேன். இரண்டாம் வருடம் சந்தா கட்டத் தாமதமானது, கணக்கை மூடிவிட்டார்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் சேர்ந்த பதிவு மொத்தமும் போச்சு. விதையை வருடாவருடம் விலைக்கு வாங்கக் கூடாது என்று பேசுகிற நாம், நம் மண்ணின் கணக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வாடகை கட்டலாமா?

இப்போது வைத்திருப்பது வேறு வகை. சென்சார் வயலில் இருந்து ரேடியோ அலையில் அளவை அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகச் செருகிய சிறு கருவி அதை வாங்கும். கம்ப்யூட்டரில் உள்ள ஆப் அதைத் தேதி, நேரத்தோடு கோப்பாக எழுதிவைத்து வரைபடமாகக் காட்டும். இன்டர்நெட் வேண்டாம்.

வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, பதிவை எக்செல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக எடுக்க முடியுமா? இரண்டு, கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் சென்சார் அளவுகளைத் தன் நினைவில் வைத்திருந்து பிறகு கொடுக்குமா? மூன்று, எந்த அலைவரிசை? லோரா வகைக் கருவி என்றால் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயக்க இங்கே உரிமம் தேவையில்லை. அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவிடாதீர்கள். ஆன்டெனாவை இலைகளுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். ஈர இலை அலையை உறிஞ்சும்.

அடுத்து, திரையில் வருகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பேரேட்டில் இருக்கும் இருப்பை ரொக்கத்தை எண்ணிச் சரிபார்ப்பது வங்கியில் பழகிய பாடம். இங்கேயும் அதுதான். மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை தண்ணீருக்கு மண்ணைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலான சென்சார் அதை வைத்துத்தான் ஈரத்தைக் கணிக்கிறது. களியும் உப்பும் கூடினால் கணிப்பு மாறும். சென்சாருக்கு ஓர் அடி தள்ளி, அதே ஆழத்தில் 100 கிராம் மண் எடுங்கள். 105 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். 80 கிராம் ஆனால், போன தண்ணீர் 20 கிராம். 20-ஐ 80-ஆல் வகுத்தால் 25 சதவீதம். ஆப் காட்டுவது பெரும்பாலும் கன அளவு சதவீதம் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. பரவாயில்லை. காய்ந்த நாள், நடுத்தர நாள், நனைந்த நாள் என மூன்று தடவை செய்து, எந்த எண்ணுக்கு எவ்வளவு ஈரம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சென்சாரைச் சுற்றி மண் இறுகியிருக்க வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் எண் பொய் சொல்லும்.

இனி வரைபடம். தண்ணீர் பாய்ந்ததும் கோடு ஏறும். உபரி நீர் வடிகிற ஓரிரு நாள் வேகமாக இறங்கும். பிறகு பகலில் இறங்கி, ராத்திரியில் சமமாகி, படிக்கட்டு மாதிரி போகும். பகலில் பயிர் குடிக்கிறது என்று அர்த்தம். வெயில் அதே அளவு இருக்கும்போது படிகள் சிறுத்தால், பயிர் உறிஞ்சத் திணறுகிறது. அதற்கு முன்பே தண்ணீர் விட வேண்டும்.

வேருக்குக் கீழே இன்னொரு சென்சாரும் வையுங்கள். என் தோட்டத்தில் ஒவ்வொரு பாசனத்துக்கும் அந்தக் கீழ்ச் சென்சாரின் கோடும் ஏறியது. வேரைத் தாண்டி வீணாக ஓடிய தண்ணீர் அது. ஜீவாமிர்தத்தின் சத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோயிருக்கும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்தேன், மூடாக்கைக் கூட்டினேன். கீழ்க்கோடு அடங்கியது.

மாதம் ஒருமுறை கோப்பை பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். கையில் மண் எடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.