சைவர் வீட்டுப் பிள்ளை, சமணர் வீட்டு மாணவர்

அரியலூர் என்றதும் உங்களுக்குச் சிமெண்டு ஆலைதான் ஞாபகம் வரும்; பெரம்பலூர் என்றால் பருத்தியும் சின்ன வெங்காயமும். அந்த வட்டாரத்துத் திண்ணைகளில்தான் ஒரு பெரிய கல்லூரி ஆசிரியர் உருவானார். அவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1855-இல் பிறந்தவர் சாமிநாதன். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; ஜமீன் ஆதரவை நம்பி அரியலூரில் குடியிருந்தவர். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பித்து! அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று வாத்தியாரைத் தேடி அந்த ஏழைக் குடும்பம் ஊர் ஊராக மூட்டை கட்டியது. சிவபக்தர் வீட்டுப் பிள்ளை வைஷ்ணவரிடம் பாடம் கேட்டதை யாரும் விகற்பமாக நினைக்கவில்லை. வாசகர்களே, இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிப்பு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் உத்தியோகம். அந்த ஆண்டே முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

ஏடு கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆனால் சமண தத்துவம் புரியவில்லை. கர்வப்பட்டவராக இருந்தால் ஊகித்து எழுதியிருப்பார். ஐயரோ கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாசலில் போய் நின்றார். அன்று அங்கே தோரணம், கோலம்! விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான விழாவாம். தாம் தடுமாறிய நூலை அவர்கள் பூஜிப்பதைக் கண்டு உருகிப் போனார். அவர்களிடமே பாடம் கேட்டு, 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார்.

மணிமேகலை இன்னும் சங்கடம். அதற்குப் பழைய உரை இல்லை. சந்தேகம் கேட்கத் தமிழ்நாட்டில் பௌத்தரும் அகப்படவில்லை. புத்த தத்துவமோ ஆங்கிலப் புத்தகங்களில் இருந்தது. ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது. கல்லூரி நண்பர் மளூர் ரங்காசாரியார் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுபடியும் ஒரு வைஷ்ணவர், பாருங்கள்! 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது, புத்தர் சரித்திரத்தையும் தருமத்தையும் எளிய தமிழில் எழுதிச் சேர்த்திருந்தார்.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். 1942-இல் காலமானார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, கும்பகோணத்துச் சமணர் வீட்டில் அவருக்கு ஒரு பட்டம் கிடைத்திருந்தது: ‘பவ்ய ஜீவன்’. முக்திக்குத் தகுதி பெற்ற உயிர் என்பது அதன் அர்த்தம்.