பல்லிக்கு இருட்டிலும் நிறம் தெரியும்

இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு, விளக்கொளி பட்டதும் மாட்டின் கண்கள் பளிச்சிடுவது பழகிய காட்சி. மாடு, பூனை, நாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. முதலில் தப்பிய ஒளி, திரும்பி வரும்போது பிடிபட்டுவிடும். டியூப்லைட்டுக்கு அடியில் பூச்சிக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பல்லிக்கு இந்தப் படலம் கிடையாது. ஆனாலும் இரவில் அதற்கு நன்றாகவே கண் தெரியும்.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்களுக்கு மங்கிய ஒளியே போதும், நிறம் தெரியாது. கூம்பு செல்கள் நிறம் அறியும். ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய நிலவொளியில் பச்சைச் சேலையும் சிவப்புச் சேலையும் நமக்குச் சாம்பலாகத் தெரிவது இதனால்தான். இரவில் திரியும் பாலூட்டிகளுக்குப் பெரும்பாலும் குச்சி செல்களே நிறைந்திருக்கும். பல்லிக்கோ அவை அறவே இல்லை! அதன் முன்னோர்கள் பகலில் இரைதேடியவை. குச்சி செல்களைத் தொலைத்துவிட்டன. பிற்பாடு அவற்றின் வழிவந்தவை இரவுக்கு மாறியபோது தொலைந்தது திரும்பி வரவில்லை. இருந்த கூம்பு செல்களே பருத்து நீண்டு, மங்கிய ஒளிக்கும் பழகிக்கொண்டன. பரிணாமம் பெரும்பாலும் இப்படிக் கையில் இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறது.

ஒப்பேற்றியதில் லாபம் பல்லிக்கு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லீனா ரோத், அல்முட் கெல்பர் இருவரும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பல்லி இனம் ஒன்றைப் பழக்கிச் சோதித்தார்கள். 2004-இல் வெளிவந்த முடிவு இது: மனிதருக்கு நிறமே தெரியாத மங்கிய நிலவொளியில், அவை நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிந்தன. நிறம் காண்பதில் நம் கண்ணைவிட அவற்றின் கண் சுமார் 350 மடங்கு நுட்பமானது என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு நுட்பமான கண் பகல் வெயிலை எப்படித் தாங்கும்? நம் கண்மணியின் பரப்பு சுமார் 16 மடங்குதான் சுருங்கும். வடகிழக்கு இந்தியாவில் காணப்படும் டோக்கே பல்லிக்கோ அது ஏறத்தாழ 300 மடங்கு சுருங்கி, மேலிருந்து கீழாக நான்கு ஊசித்துளைகளாகிவிடும்.

அடுத்தமுறை பகலில் பல்லியைக் கண்டால், துடைப்பத்தைத் தேடுமுன் அதன் கண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு தெரியும். இரவில் மட்டும் அந்தக் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள்.