சேற்றுத்தாவிக்கு ஒரு கரை

உங்களுக்குத் தெரியுமா?

பிச்சாவரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே சேற்றில் குதித்தோடுவது உளுவை வகையைச் சேர்ந்த ஒரு மீன். பெயர் சேற்றுத்தாவி. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இது கரையில்தான் கழிக்கிறது. அதனால் வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் யோசிக்க வேண்டியது கரையை, தண்ணீர் அப்புறம்.

தொட்டி உயரமாக இருந்து பயனில்லை, நீளமாக இருக்க வேண்டும். சின்ன இனத்தில் ஒன்றிரண்டு மீனுக்கே மூன்றடி நீளம் கொடுப்பது நல்லது. மணலைச் சரிவாகக் கொட்டி, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஈர மேடு. ஏறி உட்கார வேர்க்கட்டைகள், ஒளிந்துகொள்ளக் கல் இடுக்குகள்.

சேற்றுத்தாவி தோலாலும் வாய், தொண்டையின் உட்சவ்வாலும் காற்றிலிருந்து மூச்சு வாங்கும். தோல் காய்ந்தால் அந்த மூச்சு நின்றுவிடும். ஆகவே தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் ஈரமாக, 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி மூடி கட்டாயம். மூடாவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: அடித்துடுப்புகளால் ஒட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவரிலேயே ஏறி வெளியே வந்துவிடும்.

மீனும் மூழ்கிச் சாகும்! தென்கிழக்காசியாவின் ராட்சதச் சேற்றுத்தாவியை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் பிழைக்காது.

பலர் சறுக்குவது உப்பில்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிமுகத்து மீனுக்கு அதில் பாதியோ இன்னும் குறைவோ போதும். சமையல் உப்பு உதவாது; மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய தண்ணீரில் கரைக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் கொஞ்சமாக இருப்பதால் கழிவின் அம்மோனியாவும் சீக்கிரம் சேரும். வடிகட்டி இருந்தாலும் வாரம் ஒருமுறை ஒரு பங்கை மாற்றத்தான் வேண்டும்.

தரையில் கிடக்கும் இரையைப் பிடிக்க இதற்குத் தண்ணீரே நாக்கு. வாய்க்குள் அடக்கி வந்த நீரை இரைமேல் பாய்ச்சி, அதோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். வாயில் நீர் அடக்கி வர வசதியாக, புழு, சிள்வண்டு, பொடி இறால் எதைக் கொடுத்தாலும் தண்ணீர் ஓரமாகவே வையுங்கள்.

நீலப் புள்ளிகள் மின்னும் போலியாப்தால்மஸ் வகையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். தயவுசெய்து வாங்காதீர்கள். சேற்றின் மேல் படரும் நுண்பாசியை மேய்ந்து வாழும் மீன் அது. அந்த மேய்ச்சல் நிலத்தை வீட்டில் உண்டாக்குவது மிகமிகக் கடினம். பெரும்பாலும் மெலிந்தே செத்துப்போகும். புழு பூச்சி தின்னும் பெரியாப்தால்மஸ் வகையே வீட்டுக்கு ஏற்றது. அதிலும் 15 செ.மீ. வரை வளரும் மேற்கு ஆப்பிரிக்க இனத்தைவிட நம் நாட்டுக் குட்டை இனம் இடத்துக்கு அடங்கும்.

முதுகுத்துடுப்பை விசிறிபோல விரித்தால் அது சண்டைக்கான அறிவிப்பு. ஒரே தொட்டியில் இரண்டு ஆண்கள் வேண்டாம்.

இது கண் சிமிட்டும்! கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்கிறது. நிலத்துக்கு வந்த நம் முன்னோர்களுக்கும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகச் சிமிட்டல் வந்திருக்கலாம் என்கிறது 2023இல் வெளியான ஓர் ஆய்வு.

என்னை மிகவும் வியக்க வைப்பது ஜப்பானியச் சேற்றுத்தாவியின் தகப்பன். சேற்று வளைக்குள் இருக்கும் முட்டை அறைக்கு வாய் வாயாகக் காற்றைச் சுமந்துபோய் நிரப்புகிறது. முட்டைகள் காற்றிலேயே வளர்கின்றன. பொரியும் நாள் வந்ததும், இரவில் ஏறும் ஓதத்தின்போது அதே காற்றை வாயால் அள்ளி வெளியேற்றுகிறது. தண்ணீர் புகுந்து குஞ்சுகள் வெளிவருகின்றன. 2007இல் வெளியான கண்டுபிடிப்பு இது.

வீட்டுத் தொட்டியில் ஆழமான சேறும் இல்லை, ஓதமும் இல்லை. ஆகவே அங்கே இனப்பெருக்கம் மிக அரிது; கடைக்கு வருபவை பெரும்பாலும் காட்டுக் கரைகளில் பிடிக்கப்பட்டவையே. பிச்சாவரம் 2022 முதல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அங்கே போய் அள்ளி வரும் எண்ணமே வேண்டாம். கடைக்காரரிடம் என்ன இனம், எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.