பழைய காருக்கு மூச்சுக் காற்று

மனிதனுக்கு மூச்சு எப்படியோ, மோட்டார் எந்திரத்திற்குக் காற்று அப்படியே. நம் தாம்பரத்தை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். அதன் 948 கன செ.மீ. எந்திரம் நிமிடத்திற்கு 4000 சுற்றில் ஏறத்தாழ 1900 லிட்டர் காற்றை உறிஞ்சும்.

காற்று தாராளமாகச் செல்லட்டும் என்று பழைய வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு வடிகட்டியைப் பொருத்துவோர் உண்டு. சத்தம் கூடும், வலு கூடுமா? பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே அது இழுக்கிறது. 30 பாகைக் காற்று 60 பாகைக்குச் சூடானால் அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறையும். பிராணவாயுவும் அவ்வளவு குறையும். சார்லஸ் விதி வகுப்பறையோடு நிற்பதில்லை!

குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குவதும் ஆபத்தே. 2015 டிசம்பரில் முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியுமா? சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆகவே மூடிய பெட்டி, பரப்பு மிகுந்த காகித வடிகட்டி, ரேடியேட்டருக்கு முன்னே உயரத்தில் வாய் வைத்த குழாய் ஆகிய மூன்றும் போதும். பொருத்தியபின் கார்புரேட்டரின் கலவையைச் சரிபார்க்க வேண்டும். விலையும் சத்தமும் அளவுகோல் அல்ல. தூய்மை, குளிர்ச்சி, உயரம் இவையே அளவுகோல்.